திருகோணமலைப் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் செய்ய வருகிறீர்களா? முதன்முறை வருவோருக்கான வழிகாட்டி

இரண்டு மூன்று கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு திருகோணமலைக்கு வந்து, பிள்ளைகளுக்குப் பல் பார்த்துக் கொடுக்கலாமா என்று லண்டன், டொரொண்டோ, மெல்பேர்ன், சென்னை என்று பல ஊர்களிலிருந்தும் பல் வைத்தியர்கள் கேட்கிறார்கள். தாராளமாக வாருங்கள். வேலை நிறையக் கிடக்கிறது. ஆனால் பாடசாலை மண்டபத்தில் கதிரைகளை வரிசையாகப் போட்டு, காலையிலிருந்து மாலை வரை பல் பிடுங்கிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிற முகாம் மட்டும் வேண்டாம். அன்றிரவு ஒரு பிள்ளைக்கு இரத்தம் நிற்காவிட்டால் தாய் யாரிடம் ஓடுவார்? நீங்கள் விமானம் ஏறிய பிறகு அந்த வாயைப் பார்க்கப்போவது யார்? திட்டத்தை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான பதில்தான்.

இங்கே ஏற்கெனவே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பல் வைத்தியமே இல்லாத ஊருக்கு வருகிறோம் என்று பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இலங்கையில் பாடசாலைப் பல் சேவை என்று ஒன்று 1950களிலிருந்து இயங்குகிறது. கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையேயான உதவித் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு தொடங்கியது. கொழும்புக்குப் பக்கத்து மகரகமையில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் 3 வயது முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அடைப்பது, பால் பல் கழற்றுவது, பல் துலக்கச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. பிள்ளைகளைக் கையாள்வதில் அவர்களில் பலர் உங்களையும் என்னையும் விடக் கெட்டிக்காரர்கள். பல் வைத்தியர்கள் பெரும்பாலும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலும் கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலும் அவர்களைச் சந்திக்கலாம்.

குறைவாக இருப்பது ஆளும் பொருளும் பயணமும். வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளி, கோமரங்கடவல போன்ற தூரத்து ஊர்களிலிருந்து ஒரு பிள்ளையைப் பல்லுக்காகக் கூட்டிவர, தாய் ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கும். அதனால் பல்வலி தாங்க முடியாத கட்டத்தில்தான் வருகிறார்கள். அந்த நேரத்தில் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. நீங்கள் வந்து உதவக்கூடிய இடம், வலி தொடங்குவதற்கு முந்திய அந்த இடைவெளி.

அனுமதிகள்: ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

முதலாவது, இலங்கை மருத்துவச் சபையின் தற்காலிகப் பதிவு. நீங்கள் எந்த நாட்டில் எத்தனை வருடம் தொழில் செய்திருந்தாலும், இங்கே ஒரு பிள்ளையின் வாயில் கருவி வைக்க இது வேண்டும். இலவசமாகச் செய்தாலும் வேண்டும். பட்டச் சான்றிதழ், உங்கள் நாட்டுப் பல் மருத்துவச் சபையின் நன்னடத்தைக் கடிதம், இங்கே உங்களைப் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டுப் பொலிஸ் சான்றிதழையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவரிடம் அதிபர்கள் அதைக் கேட்பது நியாயம்.

இரண்டாவது, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கடிதம். மாவட்டத்தின் சுகாதார நிர்வாகம் அவருடைய கையில். அவருடைய ஒப்புதல் இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரிகள், பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள், வைத்தியசாலைப் பல் பிரிவு என்று எல்லாக் கதவும் திறக்கும். கடிதத்தில் “உதவ விரும்புகிறேன்” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, என்னென்ன சிகிச்சை, யார் யார் வருகிறோம், என்ன பொருள் கொண்டுவருகிறோம் என்று எழுதி, “எந்தப் பிரதேசத்தில் தேவை அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்” என்று முடியுங்கள். ஊரை நீங்களே தெரிவு செய்தால் உங்கள் பெரியம்மாவின் ஊரில்தான் போய் நிற்பீர்கள்.

பாடசாலைக்குள் போக வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி தனியாக வேண்டும். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று வலயங்கள் இருக்கின்றன. எந்தப் பாடசாலை எந்த வலயம் என்று பார்த்து எழுதுங்கள்.

விசா விஷயத்தில் குறுக்கு வழி வேண்டாம். சுற்றுலா அனுமதியில் வந்து வைத்தியம் செய்வது சட்டப்படி சரியில்லை. அழைக்கும் நிறுவனம் வழியாகக் குடிவரவுத் திணைக்களத்தில் கேட்டுச் சரியான வகையை எடுங்கள். பிறந்தது திருகோணமலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வந்துவிட்டது என்றால் உங்களுக்கும் இதே விதிதான், இரட்டைக் குடியுரிமை இல்லாவிட்டால்.

மருந்தும் கருவியும் பெட்டியில் வருவதென்றால் தேசிய ஔடத ஒழுங்குமுறை அதிகார சபையின் அனுமதி வேண்டும். பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் காலாவதித் திகதி எழுதி, முன்கூட்டியே அனுப்புங்கள். இல்லாவிட்டால் கட்டுநாயக்க விமான நிலையச் சுங்கத்தில் உங்கள் விறைப்பு மருந்து வெப்பத்தில் கிடக்கும், நீங்கள் இங்கே வெறுங்கையோடு இருப்பீர்கள். காலாவதிக்கு ஒரு வருடமாவது மிச்சம் இருக்கும் பொருளையே கொண்டுவாருங்கள்.

எப்போது வருவது

ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறைகளைத் தவிர்க்க வேண்டும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக் காலத்தில் விடுமுறை, அந்தக் காலம் வருடந்தோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். மாதா மாதம் போயா தினம் (பௌர்ணமி) விடுமுறை. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. வெருகல் பக்கமும் மூதூரின் உள் கிராமங்களும் வெள்ளத்தில் துண்டிக்கப்படும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மே, ஜூன், ஜூலை மாதங்கள்தான் நல்லவை. வெயில் கொளுத்தும், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும். முஸ்லிம் பாடசாலைகள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக முன்னதாகவே முடிந்துவிடும். ஆகவே வெள்ளிக்கிழமையைக் கருவிகளைச் சுத்தம் செய்யவும் பதிவேடு எழுதவும் ஒதுக்கிவிடுங்கள்.

கொழும்பிலிருந்து வரும்போது ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டுவதற்கு முன் கடந்துவிடுங்கள். யானைகள் தெருவைக் கடக்கும் இடம் அது.

என்ன கொண்டுவருவது

அதிகம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பல்லுக்காக மூன்று பொருள்களைச் சேர்த்தது: புளோரைட் பற்பசை, சூத்தையில் பூசி அதை நிறுத்தும் சில்வர் டயமைன் புளோரைட், பல் அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெந்து. கிராமப் பாடசாலையில் வேலை செய்ய அடிப்படை இவைதான். மின்சாரம் போனாலும் இவற்றைக் கொண்டு வேலை நடக்கும். கைக்கருவிகளால் சூத்தையைச் சுரண்டி எடுத்து கிளாஸ் அயனோமரால் அடைக்கும் முறையில் துளைக்கும் சத்தம் இல்லை, பெரும்பாலும் ஊசியும் இல்லை. பிள்ளை அடுத்த முறையும் பயப்படாமல் வாய் திறக்கும். நல்ல கெட்டியான வகைச் சிமெந்தை வாங்குங்கள். மலிவானது கடைவாய்ப் பல்லில் நிற்காது. இங்கத்தைய வெப்பத்தில் கலவை நீங்கள் பழகியதைவிட வேகமாக இறுகும். குளிர்ப்பெட்டியில் வைத்து, சிறிது சிறிதாகக் கலக்குங்கள்.

தலையில் மாட்டும் விளக்கு, அதற்கு மேலதிக மின்கலம், உங்கள் கைக்கேற்ற கையுறை போதிய அளவு (இங்கே சிறிய அளவு சில நேரம் கிடைக்காது), இரத்தத்தில் ஒட்சிசன் அளக்கும் ஒட்சிமானி, அவசர மருந்துப் பெட்டி. கருவித் தொகுதிகள் குறைந்தது முப்பது வேண்டும். ஏன் முப்பது என்றால், கிருமி நீக்கும் இயந்திரம் 121 பாகையில் பதினைந்து இருபது நிமிடம் எடுக்கும். சூடாகவும் ஆறவும் இன்னும் அரை மணி. தொகுதிகள் குறைவாக இருந்தால் வரிசை நீளும், வரிசை நீண்டால் யாராவது “சுடுதண்ணியில் போட்டு எடுப்போமே” என்பார்கள். அந்த எண்ணமே வராதபடி தொகுதிகள் இருக்க வேண்டும். அன்றைக்குச் சுத்தமான தொகுதி முடிந்தால் அன்றைய வேலையும் முடிந்தது.

பயன்படுத்திய ஊசிகளைப் பாடசாலைக் குப்பையோடு ஒருபோதும் விட வேண்டாம். குத்தாத பெட்டியில் அடைத்து வைத்தியசாலைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்; முன்கூட்டியே பேசி வைத்தால் அவர்கள் எரித்துவிடுவார்கள்.

யாருடைய பிள்ளைகள்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் பத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர், மூன்றுக்குச் சற்றுக் குறைவானவர்கள் சிங்களவர். மூதூர், வெருகல் பக்கங்களில் கடலோர வேடர் சமூகமும் வாழ்கிறது. அவர்கள் பேசுவது தமிழ். இலங்கையில் மூன்று சமூகங்களும் இவ்வளவு சரிசமமாக வாழும் மாவட்டம் அரிது. போரும் 2004 சுனாமியும் மூன்று பக்கமும் பிள்ளைகளையும் பெற்றோரையும் கொண்டுபோன இடமும் இதுதான்.

அதனால் தமிழ்ப் பாடசாலைகளுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். புலம்பெயர்ந்த தமிழர் பணத்தில் வரும் உதவி தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் போனால், பக்கத்து ஊர்ப் பிள்ளை அதைக் கவனிக்கும். இரண்டு கிழமை இருந்தால் மூதூர்ப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலை, ஒரு முஸ்லிம் பாடசாலை, சேருநுவரவில் ஒரு சிங்களப் பாடசாலை என்று எடுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று கிட்டத்தான்.

சிங்களப் பாடசாலைக்கு மொழிபெயர்க்க ஓர் ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் “கட அரின்ன” என்றால் வாய் திற, “ரிதெனவாத?” என்றால் நோகுதா, “பய வென்ன எபா” என்றால் பயப்பட வேண்டாம். பையனைப் “புதா” என்றும் பெண்பிள்ளையை “துவ” என்றும் கூப்பிட்டால் முகம் மலரும். தமிழ்ப் பிள்ளைகளிடம் “ஆ எண்டு வாயைத் திறங்கோ”, “நோகுதா அம்மா?” என்று ஊர்ப் பேச்சில் கேளுங்கள். முஸ்லிம் பிள்ளைகளிடம் “உம்மா எங்க மகள்?” என்று தொடங்கலாம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் மெதுவாகப் பேசினால் போதும், எல்லோருக்கும் புரியும்.

முஸ்லிம் பெற்றோர் சிலர் மருந்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்பார்கள். இரத்தம் நிறுத்தப் பல் குழியில் வைக்கும் ஜெலட்டின் பஞ்சு பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுக்கப்படுவது. அதற்குப் பதிலாகச் செலுலோஸ் வகையைக் கொண்டுவந்தால், சைவக் குடும்பங்களுக்கும் சேர்த்துப் பிரச்சினை தீர்ந்தது. பல்லில் பூசும் புளோரைட் வார்னிஷ்கள் பலவற்றில் மதுசாரம் கரைப்பானாக இருக்கும். கேட்டால் உள்ளதைச் சொல்லி, முடிவைத் தாய் தகப்பனிடம் விடுங்கள். வளர்ந்த பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போது ஆசிரியையோ தாயோ பக்கத்தில் இருக்கட்டும், பர்தாவை விலக்க வேண்டியிருந்தால் கேட்டுவிட்டு, அவரே விலக்கட்டும். மிஸ்வாக் குச்சியால் துலக்கும் வீடுகளில் அதைக் குறை சொல்ல வேண்டாம். அதோடு புளோரைட் பற்பசையும் சேரட்டும் என்று சொன்னால் கேட்பார்கள்.

சம்மதம்

அதிபர் “எல்லாப் பிள்ளைகளையும் பாருங்கோ சேர்” என்று சொல்வது சம்மதம் ஆகாது. பார்வையிடுவதற்கு முன்பே தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய படிவம் வீட்டுக்குப் போய், கையொப்பத்தோடு திரும்பி வரவேண்டும். பிடுங்குவதற்கும் சில்வர் டயமைன் புளோரைட் பூசுவதற்கும் பெற்றோரில் ஒருவர் நேரே வரவேண்டும். அந்த மருந்து சூத்தையை நிறுத்தும், ஆனால் பூசிய இடம் கறுப்பாகி அப்படியே நிற்கும். முன்பல்லில் அந்தக் கறுப்பைப் பின்னால் பார்த்து அதிர்கிற தாய், அடுத்த முறை யாரையும் நம்பமாட்டார். கறுத்த பல்லின் படம் ஒன்றைக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அம்மம்மாவோ உம்மம்மாவோ கூட்டிவருவார். அவரிடம் பொறுமையாகப் பேசி, முடிந்தால் தாயுடன் தொலைபேசியில் ஒரு சொல் கேட்டு, அதைப் பதிவேட்டில் எழுதுங்கள். வெட்கத்தோடு பதில் சொல்லும் அந்தக் கிழவிக்கு உங்கள் பத்து நிமிடம் பெரிய மரியாதை.

பிள்ளையோடு சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறந்ததிலிருந்து தடுப்பூசி, எடை, நோய் எல்லாம் அதில் இருக்கும். வாதக் காய்ச்சல் இருந்ததா, இதயத்தில் ஏதும் குறை சொன்னார்களா, இரத்தம் நிற்காத நோய் குடும்பத்தில் உண்டா என்று அதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். ஒன்றுக்காவது “ஓம்” என்றால் அந்தப் பிள்ளைக்குப் பாடசாலையில் பல் பிடுங்க வேண்டாம், வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுங்கள்.

கதிரையில்

முதலில் ஆறாம் வயதுக் கடைவாய்ப் பல்லைத் தேடுங்கள். பால் பல் எதுவும் விழாமலேயே அவற்றுக்குப் பின்னால் முளைப்பதால் பெற்றோர் அதையும் விழப்போகிற பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஏழெட்டு வயதுக்குள்ளேயே சூத்தையாகி, பன்னிரண்டில் பிடுங்கப்படும். தரம் ஒன்று, இரண்டு பிள்ளைகளின் இந்த நாலு பல்லின் பள்ளங்களையும் மூடிவிட்டால், உங்கள் பயணத்தின் பலன் அவர்கள் பேரப்பிள்ளை காணும் வரை வாயில் இருக்கும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதற்கே அதிக நேரம் கொடுப்பேன்.

விறைப்பூசி போடுவதானால் எடை பாருங்கள், வயதை வைத்து ஊகிக்க வேண்டாம். இங்கே எட்டு வயதுப் பிள்ளை உங்கள் நாட்டு ஐந்து வயதுப் பிள்ளையின் எடையில் இருக்கக்கூடும். லிக்னோகெயின் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 15 கிலோப் பிள்ளைக்கு 66 மில்லிகிராம்தான் உச்சம், 2 சதவீத மருந்துள்ள 2.2 மில்லிலீற்றர் குழாயில் ஒன்றரை. அதற்கு மேல் தேவைப்படும் வேலையை இன்னொரு நாளுக்குத் தள்ளுங்கள். ஊசிக்கு முன் “காலமை சாப்பிட்டீங்களா?” என்று கேளுங்கள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் உண்டு; ஒரு பணிஸ் (பன்) கொடுத்து அரை மணி இருத்தினால் மயக்கம் வராது. முடிந்த பிறகு விறைப்புப் போகும் வரை உதட்டைக் கடிக்காமல் பார்க்கும்படி கூட்டிவந்தவரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல் உள்ள பிள்ளைக்குப் பல் பிடுங்கக் கூடாது. இது டெங்கு வரும் மாவட்டம். 2017இல் கிண்ணியாவிலும் திருகோணமலையிலும் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. டெங்குவில் இரத்தத் தட்டுகள் இறங்கும், இரத்தம் எளிதில் நிற்காது. வலிக்கு ஐபுபுரூபன் கொடுக்கும் உங்கள் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடுங்கள், எடைக்கேற்ற பரசிட்டமோல் போதும்.

கந்தளாய், கோமரங்கடவல, பதவி சிறிபுர போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் பல்லில் வெள்ளைக் கோடும் பழுப்புத் திட்டும் காண்பீர்கள். வரண்ட வலயக் கிணற்று நீரில் புளோரைட் மிகுந்திருப்பதன் அடையாளம் அது. “ஏன் துலக்கவில்லை?” என்று அந்தப் பிள்ளையை யாரும் கேட்கக் கூடாது. அங்கே புளோரைட் மாத்திரை கொடுக்க வேண்டாம். பற்பசை மூன்று வயதுக்குக் கீழ் அரிசி மணியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு என்பதை மட்டும் பழக்குங்கள்.

சீனி பற்றிப் பேசும்போது வீட்டைத் தெரிந்து பேசுங்கள். டொபியை நிறுத்து என்பது எளிது. இரவில் போத்தலில் சீனி போட்ட பால் மா கொடுத்து உறங்க வைப்பதும், ஒரு நாளில் நாலைந்து முறை இனிப்புத் தேநீர் குடிப்பதும்தான் பெரிய சேதம். போத்தலில் தண்ணீர் கொடுங்கள், தேநீரைச் சாப்பாட்டோடு குடியுங்கள் என்றால் செய்யக்கூடியதாக இருக்கும்.

படமும் பாதுகாப்பும்

பிள்ளையின் முகம் தெரியும் படத்தை எடுக்க வேண்டாம், போடவும் வேண்டாம். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்ட கருவிகளின் படமும் எண்ணிக்கையும் போதும். வாயைப் பார்க்கும்போது அடிபட்ட தழும்பு, காரணமில்லாத உடைந்த பல், தொட்டால் நடுங்கும் பிள்ளை என்று எதையாவது கண்டால் நீங்களாக விசாரிக்காதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரியிடம் தனியாகச் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. அவசர அம்புலன்சுக்கு 1990. இரண்டையும் உங்கள் குழு முழுவதும் தொலைபேசியில் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

போகும் முன்

கடைசி இரண்டு நாளில் புதிய பிள்ளை யாரையும் எடுக்காதீர்கள். முதல் கிழமையில் அடைத்த பற்களை மறுபடி பாருங்கள், விழுந்ததைத் திருத்துங்கள். சில்வர் டயமைன் புளோரைட் ஆறு மாதத்தில் மீண்டும் பூச வேண்டும். யார் பூசுவார் என்று பாடசாலைப் பல் சிகிச்சையாளரோடு இருந்து திகதி குறியுங்கள், அதற்குப் போதுமான மருந்தை அவரிடம் கையளியுங்கள்.

பதிவேடு மூன்று பிரதி வேண்டும்: பாடசாலைப் பல் சிகிச்சையாளருக்கு ஒன்று, சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒன்று, பிராந்தியப் பணிமனைக்கு ஒன்று. பிள்ளையின் பெயர், தரம், எந்தப் பல்லுக்கு என்ன செய்தோம், எது மிச்சம் என்று இங்கே எல்லோருக்கும் புரியும் எண்முறையில் எழுதுங்கள். வைத்தியசாலைக்கு அனுப்பிய பிள்ளைகளின் பட்டியல் தனியாக இருக்கட்டும். பஸ் காசு இல்லாததால் போகாமல் விட்ட பிள்ளைகள் அதில் இருப்பார்கள். ஒரு வான் பிடித்து எல்லோரையும் ஒரே நாளில் கூட்டிப்போக அதிபரிடம் பணம் கொடுத்துவிட்டுப் போனால், அது உங்கள் இன்னொரு பெட்டிக் கருவியைவிட உதவும். அடுத்த வருடம் வரும் எண்ணம் இருந்தால் அதே பாடசாலைகளுக்கே திரும்பி வாருங்கள், திகதியை இப்போதே அதிபரிடம் சொல்லிவிடுங்கள்.